பவர் ஆம்ப்ளிபயரை எதில் சொருகுவது? சுவர் பாயிண்ட், கண்டிஷனர், சர்வோ: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு ஒரு கணக்கு

மண்டபத்திலும் கோயில் விழாவிலும் ஓடும் மைக் செட் ரேக்கின் உச்சியில் ஒரு பவர் கண்டிஷனர். முகப்பில் வோல்டேஜ் காட்டும் எண்கள், பின்புறம் எட்டு சாக்கெட். அதற்குக் கீழே நான்கு பவர் ஆம்ப்ளிபயர். எட்டு ஓட்டை இருக்கும்போது நான்கு பிளக்கையும் அதிலேயே சொருகிவிட்டு, கண்டிஷனரின் ஒற்றை வயரைச் சுவரில் மாட்டத்தான் கை போகும். ரேக்கும் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் பின்தகட்டில் பொடி எழுத்தில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 230 வோல்ட்டில் அது 2300 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது). எட்டு சாக்கெட்டுக்கும் சேர்த்தே அவ்வளவுதான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரிய ஆம்ப்ளிபயர்கள் மெயின் போர்டிலிருந்து தனியாக இழுத்த லைனில், 16 ஆம்பியர் சாக்கெட்டிலோ மெட்டல் கிளாட் (உலோக உறை போட்ட) பிளக்கிலோ நேராகப் போகட்டும். கண்டிஷனர் மிக்ஸர், கிராஸ்ஓவர் (சிக்னலைப் பேஸ், ஹார்ன் என்று பிரிக்கும் கருவி), ஒயர்லெஸ் மைக் ரிசீவர், லேப்டாப்புக்கு இருக்கட்டும். வோல்டேஜ் உண்மையிலேயே ஆடுகிற ஊர் என்றால் சரியான அளவு சர்வோ (மோட்டார் வைத்து வோல்டேஜைத் திருத்தும் ஸ்டெபிலைசர்) வேண்டும். அதன் இடம் ரேக்குக்குள் இல்லை, போர்டுக்கு முன்னால். இந்த முடிவு எங்கே மாறும் என்பதையும் கீழே சொல்கிறோம்.

ஆம்ப்ளிபயர் எவ்வளவு இழுக்கிறது

4 ஓமில் சேனலுக்கு 1000 வாட் தரும் இரண்டு சேனல் கிளாஸ் ஏபி ஆம்ப்ளிபயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்த வெளியீடு 2000 வாட். பாட்டு ஓடும்போது எல்லா நொடியும் 2000 வாட் போவதில்லை. உச்சிகள் மட்டும் கிளிப் விளக்கை (ஆம்ப்ளிபயர் தன் எல்லையை எட்டி அலையின் தலை வெட்டுப்படும்போது எரிவது) தொட்டுவிட்டு வரும் அளவுக்கு வைத்தால், சராசரி எட்டில் ஒரு பங்கு, அதாவது 250 வாட். தயாரிப்பாளர்கள் மேனுவலில் கரண்ட் அட்டவணை போடுவதும் பெரும்பாலும் இந்த எட்டில் ஒரு பங்குக் கணக்கில்தான். அந்த அளவில் கிளாஸ் ஏபியின் திறன் மிகவும் குறைவு. 250 வாட் வெளியே தர ஏறக்குறைய 900 வாட் உள்ளே போகும், மிச்சம் ஹீட் சிங்க்கில் சூடாகும். பவர் பேக்டர் (வாட்டை வி.ஏ.வால் வகுத்தது) 0.7 என்று வைத்தால் 1300 வி.ஏ., கிட்டத்தட்ட 5.6 ஆம்பியர். விடாமல் பேஸ் (அடித்தொனி) அடிக்கும் டி.ஜே. பாட்டு என்றால் சராசரி மூன்றில் ஒரு பங்குக்கு ஏறிவிடும். அப்போது 1600 வாட், 2300 வி.ஏ., 10 ஆம்பியர். இது ஒரே ஒரு ஆம்ப்ளிபயருக்கு.

நான்கு ஆம்ப்ளிபயருக்குச் சாதாரணப் பாட்டில் 22 ஆம்பியர், கனமான பாட்டில் 40 ஆம்பியர். 10 ஆம்பியர் கண்டிஷனர் இதில் எங்கே நிற்கும்? சத்தம் குறைத்து வைத்த நாதஸ்வரக் கச்சேரியில் தப்பிக்கும், ஊர்வலம் திரும்பி வந்து டி.ஜே. ஆரம்பித்ததும் சர்க்யூட் பிரேக்கர் விழும். விழுந்தால் அதிர்ஷ்டம். விழாமல் உள்ளே இருக்கும் ரிலே, சாக்கெட் தகடு, பில்டர் காயில் எல்லாம் சூடேறிக்கொண்டே இருப்பதுதான் பெரிய கெடுதல். பிளாஸ்டிக் கருகிய வாடை மூக்குக்கு எட்டும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். (கனமான டிரான்ஸ்பார்மருக்குப் பதில் வேகமாகச் சுவிட்ச் ஆகும் எலக்ட்ரானிக் சப்ளை) வைத்த கிளாஸ் டி ஆம்ப்ளிபயரில் கணக்கே வேறு. அதே 250 வாட் சராசரிக்கு உள்ளே போவது சுமார் 350 வாட்தான். பவர் பேக்டர் கரெக்ஷன் இருந்தால் 1.5 ஆம்பியர், இல்லாவிட்டால் 2.5 ஆம்பியர் அளவில் இருக்கும். நான்குக்கும் சேர்த்து 6 முதல் 10 ஆம்பியர். 16 ஆம்பியர் கண்டிஷனர் ஒன்று கையில் இருந்தால் இவற்றை அதில் ஓட்டலாம், தப்பில்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஆம்ப்ளிபயரின் வாட் இல்லை, அதன் வகை. தூக்கிப் பார்த்தாலே பாதி தெரியும்: 25 கிலோ கனத்தால் உள்ளே டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, 8 கிலோ என்றால் எஸ்.எம்.பி.எஸ்.

வாட்டைவிட வி.ஏ. ஏன் இவ்வளவு கூடுகிறது? டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்ப்ளிபயர் லைனிலிருந்து கரண்டைச் சீராக இழுப்பதில்லை. ரெக்டிபையர் டையோடுகள் வோல்டேஜ் அலையின் உச்சியில் மட்டும், நொடிக்கு 100 முறை, சின்னச் சின்னக் கவளமாக எடுத்துக் கெப்பாசிட்டரில் நிரப்புகின்றன. 10 ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டருக்குள் (வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டர்) 30 ஆம்பியர் உச்சி ஒளிந்திருக்கும். அந்தக் கவளத்தின் வழியில் நீளமான மெல்லிய வயரோ, கண்டிஷனரின் காயிலோ, லூசான பிளக்கோ எது நின்றாலும் அலையின் உச்சி மழுங்கிப்போகும், உள்ளே ரெயில் வோல்டேஜ் (கெப்பாசிட்டரில் நிற்கும் டி.சி. வோல்டேஜ்) இறங்கும். பேஸ் தொளதொளவென்று ஆவதற்கு இதுவே பாதிக் காரணம். இன்னொன்று: ட்ரூ ஆர்.எம்.எஸ். (அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளக்கும் வசதி) இல்லாத மலிவு டாங் டெஸ்டர் இந்த மாதிரி கரண்டைக் குறைத்தே காட்டும். அதை நம்பி வயர் வாங்கக் கூடாது.

ஆன் செய்யும் நொடி தனிக் கதை. டொராய்டு டிரான்ஸ்பார்மரும் காலி கெப்பாசிட்டரும் சேர்ந்து சில மில்லிநொடிகளுக்குப் பல பத்து ஆம்பியர் இழுக்கும். பி வகை எம்.சி.பி. (போர்டில் இருக்கும் சிறு சர்க்யூட் பிரேக்கர்) தன் அளவைப்போல 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனே விழும். 16 ஆம்பியர் பி என்றால் 48 ஆம்பியரிலேயே விழ வாய்ப்புண்டு; சி என்றால் 80 வரையாவது தாங்கும். ஆம்ப்ளிபயர் லைனுக்கு சி வகைதான் போட வேண்டும். கண்டிஷனரின் ஒற்றைச் சுவிட்சை அமுக்கி நான்கையும் ஒரே நொடியில் எழுப்புவது அந்தச் சுவிட்சின் தொடுமுனையை ஒவ்வொரு நாளும் வெல்டிங் வைப்பதற்குச் சமம்.

கண்டிஷனர் என்ற ஒரே பெயரில் நாலு பொருள்

கடையில் கண்டிஷனர் கேட்டால் எதையும் தருவார்கள். ரேக்கில் மாட்டும் சாதாரண கண்டிஷனர் என்பது உள்ளபடி ஒரு நல்ல ஸ்பைக் பஸ்டர்தான்: சில எம்.ஓ.வி. (ஸ்பைக்கை விழுங்கும்) வில்லைகள், ஒரு சிறு காயில்-கெப்பாசிட்டர் பில்டர், ஒரு பிரேக்கர், முன்னால் வோல்ட் மீட்டர். அது இடியின் எச்சத்தையும் ஸ்பைக்கையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும், ரேடியோ அலைவரிசை இரைச்சலைக் குறைக்கும். வோல்டேஜை ஏற்றவோ இறக்கவோ செய்யாது. 180 வந்தால் 180-ஐயே கொடுக்கும்; முகப்பில் 180 என்று நேர்மையாகக் காட்டும், அவ்வளவே. கண்டிஷனர் போட்டிருக்கிறோம், லோ வோல்டேஜ் பயமில்லை என்று சொல்லும் மண்டபங்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் உண்டு.

வோல்டேஜைச் சரிசெய்வது ஸ்டெபிலைசர். அதில் ரிலே வகை டிரான்ஸ்பார்மரின் டேப் (சுற்றிலிருந்து எடுத்த கிளை) மாற்றிக் குதிக்கும். சர்வோ வகை மோட்டாரால் கார்பன் பிரஷ்ஷை நகர்த்தி வழுக்கிச் செல்லும். ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் லைனையும் கருவியையும் பிரிக்கும், வோல்டேஜைத் திருத்தாது. ஆன்லைன் யு.பி.எஸ். எல்லாவற்றையும் செய்யும், ஆனால் ஆம்ப்ளிபயரின் அந்த 30 ஆம்பியர் கவளங்களை அதன் இன்வெர்ட்டர் விரும்பாது; ஆன் செய்யும் நொடியிலேயே ஓவர்லோடு என்று கத்தி பைபாஸுக்குப் போய்விடும். டிஜிட்டல் மிக்ஸருக்கு 1 கே.வி.ஏ. ஆன்லைன் யு.பி.எஸ். வைப்பது நல்ல செலவு. கரண்ட் ஒரு நொடி போனாலும் மிக்ஸர் மறுபடி எழுந்து வர அரை நிமிடம் ஆகும். தாலி கட்டும் நேரத்தில் அந்த அரை நிமிடம் யாருக்கும் வேண்டாம். ஆம்ப்ளிபயருக்கு அது வேண்டியதில்லை.

கண்டிஷனர் வைத்தால் பாட்டு இனிக்கும், ஸ்டேஜ் விரியும் என்ற பேச்சும் உண்டு. ரெக்டிபையரும் பத்தாயிரம் மைக்ரோபேரட் கெப்பாசிட்டர்களும் உள்ளே உட்கார்ந்திருக்கும் பெரிய ஆம்ப்ளிபயரில், லைனில் வரும் பொடி இரைச்சல் ஸ்பீக்கர்வரை போவது அபூர்வம். இரைச்சல் நுழைவது மைக், மிக்ஸர், சிக்னல் வயர் பக்கத்திலிருந்து. கண்டிஷனர் அங்கே உட்காரட்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லோ வோல்டேஜும் ஹை வோல்டேஜும்

பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கக் கிராமங்களில் டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைன் கடைசியில் கோயில் இருக்கும். அதே டிரான்ஸ்பார்மரில் போர்வெல் மோட்டார்கள். ஆழமான போர்வெல், பெரிய சப்மெர்சிபிள். நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது ஒரு மோட்டார் தன் ஓடும் கரண்ட்டைப்போல ஐந்தாறு மடங்கு சில நொடிகளுக்கு இழுக்கும். மும்முனை மின்சாரம் வந்த உடனே ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்த மோட்டார்கள் வரிசையாக எழும்பும். 225-ல் இருந்த வோல்டேஜ் 190-க்கு இறங்கும்.

190 வோல்ட்டில் ஆம்ப்ளிபயருக்கு என்ன ஆகிறது? சாதாரண டிரான்ஸ்பார்மர் சப்ளை என்றால் ரெயில் வோல்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும். பவர் அதன் வர்க்கத்தில் குறையும். 190-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.68. ஆயிரம் வாட் ஆம்ப்ளிபயர் 680 வாட் தரும். கேட்க பயமாக இருக்கிறது, ஆனால் டெசிபலில் பார்த்தால் 1.7 குறைவுதான், கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஆபத்து வேறு இடத்தில். சத்தம் பத்தவில்லை என்று ஆபரேட்டர் மிக்ஸரில் சத்தம் கூட்டும் பேடரை ஏற்றுவார், ஆம்ப்ளிபயர் முன்பைவிடச் சீக்கிரம் கிளிப் ஆகும், தலை வெட்டுப்பட்ட அலையின் சராசரி பவர் ஏறி ஹார்ன் டயாபிரம் எரியும். லோ வோல்டேஜில் டயாபிரம் போனது என்பார்கள். போனது கிளிப் விளக்கைப் பார்க்காததால். ஆக, டிரான்ஸ்பார்மர் வகை ஆம்ப்ளிபயருக்கு 190 வரை ஸ்டெபிலைசர் இல்லாமலே காலம் தள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ். வகை குறைந்தபட்ச வோல்டேஜுக்குக் கீழே போனதும் ஒரேயடியாக அணைந்துவிடும். அந்த எண் மேனுவலில் இருக்கும், பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஹை வோல்டேஜ்தான் கொல்லும். 230-க்கு 75 வோல்ட் ரெயில் வைத்த ஆம்ப்ளிபயரில் லைன் 260 ஆனால் ரெயில் 85. உள்ளே இருப்பது 80 வோல்ட் கெப்பாசிட்டர் என்றால் எல்லை அப்போதே தாண்டிவிட்டது. பாட்டு ஓடாத நேரத்தில் லோடு இல்லாததால் ரெயில் இன்னும் ஏறும். ஆகவே கச்சேரி முடிந்து, மோட்டார்களும் நின்று, ஊர் தூங்கும் நள்ளிரவில் சும்மா ஆன் செய்து வைத்த ஆம்ப்ளிபயர்தான் கெப்பாசிட்டர் உப்பிச் சாகும்.

இதைவிடக் கொடியது நியூட்ரல் கட். மூன்று பேஸுக்கும் (மும்முனை மின்சாரத்தின் முனைகள்; பாட்டின் பேஸ் இல்லை) பொதுவான நியூட்ரல் எங்கோ ஒரு ஜாயிண்டில் விட்டுப்போனால், ஒவ்வொரு பேஸிலும் உள்ள லோடைப் பொறுத்து வோல்டேஜ் தன் இஷ்டத்துக்குப் பிரியும். லோடு அதிகமான பேஸில் 100, குறைவான பேஸில் 350-க்கு மேல் என்றெல்லாம் போகும். இந்த நேரத்தில் சாதாரணக் கண்டிஷனர் என்ன செய்யும்? அதன் எம்.ஓ.வி. வில்லைகள் மைக்ரோ நொடி ஸ்பைக்கை விழுங்கச் செய்தவை. 350 வோல்ட் நிலையாக நின்றால் கொதித்து வெடிக்கும், பக்கத்தில் உள்ளதையும் கருக்கும். ஓவர் வோல்டேஜில் தானே துண்டித்துக்கொள்ளும் வசதி உள்ள கண்டிஷனரும் உண்டு. அது இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆம்ப்ளிபயர் லைனுக்கு இதே பாதுகாப்பை மெயின் போர்டில் வைப்பதே சுலபம்: டி.ஐ.என். ரெயிலில் (போர்டுக்குள் எம்.சி.பி. மாட்டும் பட்டை) மாட்டும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் ரிலே. மேல் எல்லை 260, கீழ் எல்லை 175, மறுபடி ஆன் ஆகும் தாமதம் 60 நொடி என்று செட் செய்யலாம். 40 ஆம்பியர் அளவுக்குக் குறைவாக வாங்க வேண்டாம். லோடு அதற்குமேல் என்றால் ரிலே கான்டாக்டரை (பெரிய லோடுக்கான மின்காந்தச் சுவிட்ச்) இழுக்கட்டும், கான்டாக்டர் லோடைத் தாங்கட்டும்.

சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழைக்கு மெயின் போர்டில் டைப் 2 எஸ்.பி.டி. (இடியால் எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) ஒன்று. எர்த்து சரியில்லாவிட்டால் அதுவும் வெறும் அலங்காரம்தான்.

சுவர் பாயிண்ட் என்றால் எது?

இங்கேதான் ஒப்பீடு பெரும்பாலும் சறுக்குகிறது. நேராகச் சுவரில் மாட்டுங்கள் என்றால், மேடைக்குப் பின்னால் மேசை பேனுக்காக வைத்த 6 ஆம்பியர் பாயிண்ட்டில் மாட்டச் சொல்லவில்லை. மண்டபத்தின் 16 ஆம்பியர் சாக்கெட்டும் பல நேரம் சமையல்கட்டு கிரைண்டர் லைனிலிருந்து லூப் எடுத்ததாக இருக்கும். அப்படிப்பட்ட பாயிண்ட்டைவிட நல்ல லைனில் மாட்டிய கண்டிஷனரே மேல்.

பாயிண்ட்டைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். லோடு இல்லாமல் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். 2000 வாட் ஹீட்டர் ஒன்றை அதே பாயிண்ட்டில் போட்டு மறுபடி பாருங்கள். கரண்ட் சுமார் 8.7 ஆம்பியர். வோல்டேஜ் 9 இறங்கினால் அந்த லைனின் மொத்தத் தடை ஒரு ஓம். ஆம்ப்ளிபயர் 20 ஆம்பியர் கேட்கும்போது 20 வோல்ட் தொலையும், 30 ஆம்பியர் கவளத்தில் அலையின் உச்சியே 30 வோல்ட் மழுங்கும். 4 வோல்ட்டுக்குள் இறங்கினால் நல்ல பாயிண்ட். இடையில் இருந்தால் பிளக், சாக்கெட், போர்டு ஸ்க்ரூ மூன்றையும் இறுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்; பாதி நேரம் குறை அங்கேதான்.

அடுத்து எர்த்து. பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த்து, நியூட்ரல்-எர்த்து மூன்றையும் மல்ட்டிமீட்டரில் பாருங்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய சமமாக, மூன்றாவது ஓரிரு வோல்ட்டாக இருந்தால் சரி. மூன்றாவது 10-க்கு மேல் என்றால் நியூட்ரல் எங்கோ பலவீனம். ஹீட்டர் ஓடும்போதும் அது துல்லியமாகப் பூஜ்யம் என்றால் சந்தோஷப்பட வேண்டாம்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் யாரோ சேர்த்து முறுக்கி வைத்திருக்கலாம். அந்த லைனில் நியூட்ரல் விட்டால் ரேக் முழுக்க ஷாக் அடிக்கும், மைக் பிடித்தவர் உட்பட.

பாறை பூமி என்பது இங்கே தனிப் பிரச்சினை. கிரானைட்டுக்குப் பெயர்போன மண். இரண்டடி தோண்டினால் கல் தட்டும் இடங்களில் எர்த்துப் பைப் முழு ஆழத்துக்கு இறங்காது. பாதி பைப்பை வெட்டிவிட்டு மேலே சிமெண்ட் பூசுவது வழக்கமான ஏமாற்று. ஒரே இடத்தில் இறங்காவிட்டால் பைப் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இரண்டு மூன்று குழி எடுத்து, கரி-உப்பு போட்டு, இணைத்து, விழாவுக்கு முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த்து பலவீனமான இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) இல்லாமல் மைக் கொடுக்கவே கூடாது. ஒரு சின்ன எச்சரிக்கை: ஒவ்வொரு கண்டிஷனரின் பில்டரும், ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்ஸும் எர்த்துக்குள் ஓரிரு மில்லி ஆம்பியர் கசியவிடும். பத்துப் பன்னிரண்டு கருவிகள் சேர்ந்தால் கசிவு 15-ஐத் தாண்டும்; 30-இன் பாதியிலிருந்தே விழலாம் என்பதால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுவதுபோல் தோன்றும். அதைக் கழற்றி எறிவது தீர்வல்ல. லைனை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி. போட வேண்டும்.

பிறகு வயர். போர்டிலிருந்து ரேக்குக்கு 30 மீட்டர், கரண்ட் 15 ஆம்பியர் என்றால் போய்வரும் செம்பில் 1 ஸ்கொயர் எம்.எம். வயர் கிட்டத்தட்ட 18 வோல்ட் தின்னும், 1.5 என்றால் 12, 2.5 என்றால் 7. 4 என்றால் நாலரை. எங்கள் குறைந்தபட்சம் 30 மீட்டருக்கு 2.5, அதைத் தாண்டினால் 4. மூன்று கோர், மூன்றாவது கோர் எர்த்து. டிரம்மில் சுற்றிய வயரை முழுதும் பிரித்துத்தான் ஓட்ட வேண்டும். சுற்றியபடியே 15 ஆம்பியர் ஓட்டினால் உள் சுற்றுகள் வெந்து ஒட்டிக்கொள்ளும். நல்ல ரேக் கண்டிஷனர் ஒன்றை ஆம்ப்ளிபயருக்காக வாங்க ஒதுக்கிய பணம் இருந்தால், அதை இந்த வயரிலும் மெட்டல் கிளாட் பிளக்கிலும் ஓவர் வோல்டேஜ் ரிலேயிலும் போடுங்கள். பாட்டின் பேஸில் வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

கம்பத்தில் கொக்கி போட்டு எடுப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவில் அது திருட்டு. தொழில் பக்கம் பார்த்தால், காற்றில் ஆடும் கொக்கிதான் நியூட்ரல் கட்டுக்கு மிகச் சுலபமான வழி.

இரண்டையும் சேர்த்து வைப்பது

ஆம்ப்ளிபயர் நேர் லைனில், மிக்ஸர் கண்டிஷனரில் என்றதும் பலர் இரண்டையும் வேறு வேறு மூலையிலிருந்து எடுக்கிறார்கள். மேடையில் ஆம்ப்ளிபயர் ஒரு பாயிண்ட்டில், 40 மீட்டர் தள்ளி மிக்ஸர் பந்தல்காரரின் பாயிண்ட்டில். இரண்டு எர்த்துக்கும் இடையே சில வோல்ட் வித்தியாசம். அதை இணைக்கும் ஒரே வழி மல்ட்டிகோர் கேபிளின் (மேடை சிக்னல் வயர்களின் கொத்து) ஷீல்டு, அதாவது மேலுறைக் கம்பி வலை. ஸ்பீக்கரில் ம்ம் என்று கேட்கும் ஹம் அங்கேதான் பிறக்கிறது. ஹம் வந்ததும் எர்த்துப் பின்னை உடைப்பது இந்தத் தொழிலின் பழைய பாவம். ஹம் போகும், ஆனால் ஆம்ப்ளிபயர் உடம்பில் லீக் வந்தால் அது போகும் ஒரே வழி மைக் பிடித்த கை.

சரியான முறை: ஒரே போர்டு, ஒரே பேஸ், ஒரே எர்த்து. மேடைப் பக்கம் ஒரு டிஸ்ட்ரிப்யூஷன் பாக்ஸ். அதில் ஆம்ப்ளிபயருக்குத் தனித்தனி 16 ஆம்பியர் சி எம்.சி.பி., இன்னொரு எம்.சி.பி.யிலிருந்து கண்டிஷனர். மிக்ஸருக்கான கரண்ட் அந்தக் கண்டிஷனரிலிருந்தே மல்ட்டிகோருடன் சேர்ந்து போகட்டும். அதற்கும் மேல் ஹம் இருந்தால் சிக்னல் லைனில் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டுத் தீர்க்க வேண்டும்.

லோடு பெரிதாகி மூன்று பேஸிலும் ஆம்ப்ளிபயரைப் பிரிக்க வேண்டியிருந்தால், ஒரு ரேக்குக்கு ஒரு பேஸ் என்று வையுங்கள். ஒரே ரேக்கில் இரண்டு பேஸ் என்றால் இரண்டு பிளக்குக்கு நடுவே 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. மும்முனை கேபிளில் நியூட்ரலையும் முழு அளவில் போட வேண்டும். ரெக்டிபையர் லோடின் மூன்றாவது ஹார்மோனிக் (லைன் அலைவரிசையைப்போல மூன்று மடங்கில் வரும் கரண்ட்) மூன்று பேஸிலிருந்தும் நியூட்ரலில் கூடும், கழியாது. பேஸில் 20 ஆம்பியர் போனால் நியூட்ரலில் அதைவிடக் கூடுதலாகப் போகவும் முடியும். பாதி அளவு நியூட்ரல் போட்ட பழைய கேபிள்கள் அங்கேதான் உருகுகின்றன.

சர்வோ வாங்கினால்

தினமும் 180-க்கும் 260-க்கும் இடையே ஆடும் மண்டபம் என்றால் நிலையான சர்வோ வாங்கலாம், அது நல்ல முதலீடு. அளவு: முன்பு சொன்ன நான்கு கிளாஸ் ஏபி ஆம்ப்ளிபயருக்கு மூன்றில் ஒரு பங்குக் கணக்கில் 9.2 கே.வி.ஏ. ஆகவே 10 கே.வி.ஏ. 5 கே.வி.ஏ. போதும் என்று கடைக்காரர் சொன்னால் அவர் கச்சேரியைக் கணக்கில் எடுக்கவில்லை. ரிலே ஸ்டெபிலைசர் ஆம்ப்ளிபயருக்கு ஆகாது. பாட்டில் பேஸ் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கும், ரிலே ஏற்றும். பேஸ் நின்றதும் ஏறிவிடும், ரிலே இறக்கும். தாளத்துக்குத் தப்பாமல் டக் டக் என்று அடித்துக்கொண்டே ரிலே முனை கருகும். சர்வோ அந்த வேகத்துக்கு ஓடாது. மெதுவாக ஏறி இறங்குவதை மட்டும் திருத்தும், அதுவே நமக்குப் போதும்.

ஆனால் ஸ்டெபிலைசர் கரண்டை உண்டாக்குவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். 180 வோல்ட் லைனிலிருந்து 10 கே.வி.ஏ. எடுத்து 230-ஆகக் கொடுக்க, அது லைனில் 55 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லைன் கடைசிக் கோயிலில் அந்த 55 ஆம்பியர் வோல்டேஜை இன்னும் கீழே தள்ளும், சர்வோ இன்னும் ஏற்றும், கடைசியில் பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் மங்கி, சர்வோ லோ வோல்டேஜில் தானே கட்டாகும். அங்கே பதில் ஜெனரேட்டர்தான். ஆம்ப்ளிபயர் கணக்கைப்போல இரண்டு மடங்கு கே.வி.ஏ., சீரியல் செட், டிம்மர், எல்.இ.டி. சுவர் எல்லாம் வேறு பேஸில், ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் எர்த்தோடு இணைத்து. இந்த இணைப்பு இல்லாமல் ஆர்.சி.சி.பி. ஷாக்கைக் கண்டுபிடிக்காது.

வீட்டுக்கு

ஓசூர் அடுக்குமாடியில் ஏ.வி. ரிசீவரும் 12 அங்குல ஆக்டிவ் சப்-ஊபரும் வைத்தவருக்கு இத்தனை கணக்கு வேண்டாம். படம் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்து 2 ஆம்பியரைத் தாண்டுவதே அரிது. 10 ஆம்பியர் சர்ஜ் ப்ரொடெக்டரோ கண்டிஷனரோ தாராளம், எல்லாவற்றையும் அதிலேயே மாட்டலாம். எர்த்தும் ஒன்றாக இருப்பதால் ஹம்மும் குறையும். டி.வி.க்கான ஸ்டெபிலைசரில் ரிசீவரைச் சேர்த்து மாட்டுவது மட்டும் வேண்டாம்.

ஓட்டும்போது

ஆன் செய்யும் வரிசை: மிக்ஸர், கிராஸ்ஓவர், பிறகு ஆம்ப்ளிபயர்கள் ஒவ்வொன்றாக 5 நொடி இடைவெளியில். அணைக்கும்போது ஆம்ப்ளிபயர் முதலில், மிக்ஸர் கடைசியில். கரண்ட் போய்த் திரும்பி வரும் ஊரில் ஆம்ப்ளிபயர் சுவிட்சுகளை உடனே அணைத்துவிட வேண்டும். வந்ததும் வோல்ட் மீட்டர் ஒரு நிமிடம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்து எழுப்ப வேண்டும். கரண்ட் திரும்பும் முதல் சில நொடிகள்தான் மோசமானவை. வேலை ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு பிளக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அடுத்த பாட்டுக்கு முன் அந்த ஆம்ப்ளிபயரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பின் கருத்திருந்தால் பிளக்கோடு சாக்கெட்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.